கொழும்பில் வாங்கிய எள்ளு

கதிர்காமத்து முருகனைக் கும்பிடப் போகுதேன்னு சொல்லித்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். தாலி அறுத்தவ வேற என்ன சொல்லிட்டு வெளிய போக முடியும்? சாமி பேரைச் சொன்னா ஒருத்தரும் தடுக்கமாட்டாவ. ஊருல இருந்து ஒரு கூட்டம் போச்சு, அதோட சேர்ந்துக்கிட்டேன். மாமியா நெத்தியில திருநீறு பூசி, துணைக்குக் கொழுந்தனாரையும் அனுப்பி வச்சா. எனக்கு முருகன் மேல பக்தி இல்லைன்னு சொல்லல. ஆனா நான் கப்பலேறினது செத்துப்போன என் புருசனைத் தேடி.

முதல்ல இருந்தே சொல்லுதேன். கல்யாணமான ரெண்டாவது வருசம் அந்த மனுசன் வியாபாரம் பண்ணக் கொழும்புக்குப் போனாரு. கொஞ்ச நாள் சேதி ஒழுங்கா வந்துது. அப்புறம் ஒருநா, கொழும்புல இருந்து திரும்பின கங்கைகொண்டான்காரர் ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்து துண்டை வாயில பொத்திக்கிட்டு அழுதாரு. ஆனிப் பௌர்ணமியன்னைக்கு வாந்திபேதியில போயிட்டாவ, அங்கனயே அடக்கம் பண்ணியாச்சுன்னாரு. உடம்பு கிடைக்காத சாவுக்கு எங்க ஊருல தர்ப்பைப் புல்லுல பொம்மை செஞ்சு எரிப்பாவ. குறுக்குத்துறை ஆத்தங்கரையில அந்தப் பொம்மைக்குக் கொழுந்தனார்தான் கொள்ளி வச்சாரு. பத்தாம் நாள் என் தாலியைக் கழத்திப் பாலுக்குள்ள போட்டாவ. வளையலை உடைச்சாவ. எனக்கு அப்ப வயசு பத்தொம்பது.

அதுக்கப்புறம் நான் எப்படி இருந்தேன்னு கேட்டா, வீட்டுல ஒரு மூலையில உலக்கை சாத்தி வச்சிருக்கும்லா, அப்படி இருந்தேன். வேலை இருந்தா எடுப்பாவ. கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணத்துல தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் பின்கட்டு அறைக்குள்ள இருந்தேன். மேளச் சத்தம் மட்டும் கேட்டுது. தெருவுல நான் எதிர வந்தா, போற காரியத்தை விட்டுட்டு வீட்டுக்குத் திரும்பித் தண்ணி குடிச்சிட்டுப் போவாவ. விதின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். விதியைத் திட்டி என்ன ஆகப்போகுது?

இப்படி இருக்கையில வண்ணார்பேட்டைக்காரி ஒருத்தி கொழும்புல புருசனோட இருந்துட்டு ஊருக்கு வந்தா. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஒண்ணு சொன்னா வெளிய சொல்லமாட்டியே? அங்கன செட்டித் தெருக் கோயில்ல ஒருத்தரைப் பாத்தேன். அப்படியே உன் வீட்டுக்காரரை உரிச்சு வச்சிருந்துது. திருநீறு பூசிட்டு மிச்சத்தை இடது காதுக்குப் பின்னால தடவினாரு"ன்னா.

ஒரே முகம் ரெண்டு பேருக்கு இருக்கலாம். அந்தக் காதுக்குப் பின்னால தடவுற பழக்கம் உலகத்துல ஒருத்தருக்குத்தான் உண்டு. அன்னைக்கு என் வயித்துல பத்தின நெருப்பு அணையவே இல்ல. யாருகிட்டயும் மூச்சு விடல. அந்த மனுசனைக் கண்ணால கண்டு நாலு பேரு முன்னால விளக்குமாத்தால அடிக்கணும். எனக்கு வேற வரம் வேண்டாம்.

தூத்துக்குடியில தோணியில போய்க் கப்பல் ஏறினோம். ராத்திரி பூரா எல்லாரும் வாந்தி. நான் ஒருத்திதான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். கிளம்பும்போதே மாமியா சொல்லி விட்டிருந்தா: "கொழும்புல இறங்குற அன்னைக்கு ஆனிப் பௌர்ணமி. அவனுக்குத் திவசம். தம்பிகிட்டச் சொல்லி அங்கன ஏதாச்சும் ஆத்துல எள்ளுந்தண்ணியும் விடச் சொல்லு." சரின்னு தலையாட்டிட்டுத்தான் வந்தேன்.

விடிஞ்சதும் இறங்கி, செட்டித் தெரு மடத்துல மூட்டையைப் போட்டுட்டுக் குளிச்சோம். கூட்டத்துல மத்தவங்க அசந்து படுத்துட்டாவ. கொழுந்தனாருக்கு ஊரு பாக்கணும். வழியில ஒரு அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை போல, கூட்டம் நெரியுது. நம்ம பாளையங்கோட்டையில இல்லாத வேதக்கோயிலான்னுதான் நான் நின்னேன். ஆனா காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவர் அந்தச் சாமின்னு எனக்கும் தெரியும். உள்ள போய் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன். "மதினி, இது என்ன புதுப் பழக்கம்?"னு கொழுந்தனாரு சிரிச்சாரு. எனக்கும் ஒண்ணு காணாமப் போயிருக்குன்னேன். தாலியைச் சொல்லுதேன்னு நினைச்சு அவரு தலையைக் குனிஞ்சிட்டாரு. பாவம்.

அங்க இருந்து அந்தச் செட்டித் தெரு முருகன் கோயில். கொழுந்தனாரு பிரகாரம் சுத்துற நேரத்துல, பூக்கட்டிக்கிட்டு இருந்த பண்டாரத்துகிட்டப் பைய விசாரிச்சேன். திருநெல்வேலிக்காரர், காதுக்குப் பின்னால திருநீறு தடவுவாருன்னு சொல்லி முடிக்கல, "நம்ம பலசரக்குக்கடை அண்ணாச்சியா? வெள்ளி தவறமாட்டாரு. புறக்கோட்டைச் சந்தையில கருவாட்டுக் கடை வரிசையைத் தாண்டினா அவரு கடைதான்"னாரு. அந்தோணியாரு சுறுசுறுப்பான ஆளுதான்.

கொழுந்தனாருகிட்ட, திவசத்துக்கு எள்ளு வாங்கணும், சந்தைக்குப் போவோம்னு சொன்னேன். அந்தச் சந்தையைச் சொல்லி முடியாது. தமிழ், சிங்களம், மலாய்ப் பேச்சு எல்லாம் ஒண்ணாக் கலந்து காதை அடைக்கு. முள்ளு முள்ளா ஒரு சிவப்புப் பழம், கத்தரிக்கா நிறத்துல ஒரு பழம், மலை மலையாத் தேங்கா. துலுக்க வியாபாரி ஒருத்தர் கம்பு நீளத்துக்குப் பட்டையைக் கட்டி வச்சிருந்தாரு. ஒரு கடையில ஈர்க்குமாறு கட்டுக்கட்டாத் தொங்கிச்சு. நான் அந்த இடத்துல நின்னுட்டேன். "ஊருல இல்லாத விளக்குமாறா மதினி?"ன்னாரு கொழுந்தனாரு. இந்த ஊருக் குப்பைக்கு இந்த ஊரு விளக்குமாறுதான் சரின்னு ஒண்ணை வாங்கிக்கிட்டேன். அவருக்கு ஒண்ணும் விளங்கல. பழக்கடைப் பக்கம் பராக்குப் பாக்கப் போயிட்டாரு. அதுவும் நல்லதாப் போச்சு.

கருவாட்டு நாத்தத்தைத் தாண்டி, கடை வாசல்ல போய் நின்னேன். தராசுக்குப் பின்னால அவரு. சதை போட்டு, தொந்தி விழுந்து, நெத்தி நிறையத் திருநீறு. இடது காதுக்குப் பின்னால வெள்ளையா மிச்சம்.

இருவது தடவை மனசுக்குள்ள ஒத்திகை பாத்திருந்தேன், கை ஓங்கணும், காறித் துப்பணும்னு. ஒண்ணும் நடக்கல. ஏன்னா அவரு நிமிந்தே பாக்கல. முதல் போணிக்கு அறுத்தவ வந்து நின்னா எங்க ஊருக் கடைக்காரவுக அவ மூஞ்சியில முழிக்கமாட்டாவ. தராசைப் பாத்துக்கிட்டே சாமானைக் குடுத்துத் தள்ளி விட்டுருவாவ. வெள்ளைச் சேலையைக் கண்டதும் அவரு கண்ணைத் தாழ்த்திட்டாரு. கடல் தாண்டியும் அந்தப் புத்தி மட்டும் தாண்டல. என்னை அறுத்தவளாக்கினவனே அறுத்தவ மூஞ்சிக்குப் பயந்து உக்காந்திருக்கான். விளக்குமாறு வேண்டாம்னு அப்பதான் முடிவு பண்ணி, அதைக் கடை ஓரமாச் சாத்தினேன்.

"என்ன வேணும்?"னாரு.

"கறுப்பு எள்ளு. பச்சரிசி."

அள்ளித் தட்டுல போட்டாரு. அதே குரல், அதே அலுப்பு. எள்ளும் பச்சரிசியும் கேட்டா எதுக்குன்னு சொல்லணுமா? மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டாரு: "யாருக்குத் திவசம், அம்மா?"

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு. ஆனிப் பௌர்ணமியில கொழும்புல போயிட்டாவ. வாந்திபேதி."

பைய நிமிந்து என் மூஞ்சியைப் பாத்தாரு. நாலு வருசமா ஒருத்தரும் விரும்பிப் பாக்காத மூஞ்சி. நல்லாப் பாக்கட்டும்னு முக்காட்டை விலக்கிக் காட்டினேன்.

"நீயா... உள்ள வா. பேசிக்கிடுவோம். நாலு பேரு பாக்காவ"ன்னாரு.

பின்கட்டுல இருந்து ஒருத்தி எட்டிப் பாத்தா. இடுப்புல பிள்ளை. அவ மேல எனக்குக் கோவம் வரல, அது வேற கணக்கு. நான், "தட்டைக் கீழ வைக்காதீய. சரியா நிறுத்துக் குடுங்க. செத்தவுகளுக்குக் குறை வைக்கப்படாது"ன்னேன்.

பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து, "என்ன அண்ணாச்சி, சொந்தக்காரவுகளா?"ன்னாரு. அவரு வாயைத் திறக்கு முன்ன நான் திறந்தேன். "சொந்தம்தான். இவுக செத்து நாலு வருசமாச்சு. ஆத்தங்கரையில வச்சு எரிச்சோம். இன்னைக்குத் திவசம். எள்ளு வாங்க வந்தேன்."

அதுக்குள்ள கொழுந்தனாரு வந்துட்டாரு. கையில இருந்த பழம் விழுந்து கருவாட்டுக்கடை வரைக்கும் உருண்டுது. "அண்ணே"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, சந்தையே திரும்பிப் பாத்துது. தன் கையால கொள்ளி வச்சவரு. அழுதுக்கிட்டே அந்தக் கையைப் பாத்தாரு. அந்த மனுசனும் அழுதாரு. ஊருக்கு வர முகமில்லைன்னாரு, கங்கைகொண்டான்காரரை அப்படிச் சொல்லச் சொன்னது தான்தான்னாரு. அப்ப இவ வயித்துல பிள்ளை, அங்க அப்பா அம்மா, என்ன செய்யன்னாரு. எனக்குச் செத்துப்போகச் சௌகரியமா இருந்துதுன்னு மட்டும் சொல்லல, அவ்வளவுதான் வித்தியாசம்.

காசு வேண்டாம்னாரு. ஓசி எள்ளு செத்தவுகளுக்குச் சேராதுன்னு தராசுத் தட்டுல காசை வச்சேன். பொட்டலத்தை எடுத்துக்கிட்டு, வாரேன்னு சொல்லாமத் திரும்பி நடந்தேன். சாவு வீட்டுல இருந்து கிளம்புறவுக சொல்லிக்கிட்டுப் போறது வழக்கமில்ல. அந்த வழக்கம் அவருக்கும் தெரியும். எனக்கு அப்ப சந்தோசமா இருந்துது, பொய் சொல்லமாட்டேன்.

டிராம்ல கொஞ்ச தூரம், மாட்டு வண்டியில கொஞ்ச தூரம் போய்க் களனி ஆத்தங்கரைக்கு வந்தோம். கரையை ஒட்டிப் பெரிய புத்தர் கோயில். பௌர்ணமிங்கிறதால சிங்களவுக கூட்டம் கூட்டமா வந்திருந்தாவ. உள்ள நுழைஞ்சதும் பாக்கேன், கிழவி, குமரி, பிள்ளைத்தாச்சி, அத்தனை பேரும் வெள்ளைச் சேலை. கையில நீலப் பூ. என்னைக் கண்டு ஒருத்தியும் ஒதுங்கல. ஒரு கிழவி தன் பூவுல பாதியைப் பிச்சு என் கையில குடுத்தா. படுத்திருந்த புத்தர் காலடியில அதை வச்சிட்டு, ரொம்ப நேரம் அவங்களோட உக்காந்திருந்தேன்.

வெளிய வந்ததும் கொழுந்தனாரு பிடிச்சுக்கிட்டாரு. "மதினி, சாஸ்திரத்துல வழி இருக்கு. எரிச்சவுக உசுரோட திரும்பினா, புதுசாப் பிறந்த மாதிரி பேரு விட்டு, அதே பொண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டலாம். நான் அண்ணனை இழுத்துக்கிட்டு வாரேன். உங்க கழுத்துல தாலி ஏறும். பூ வைக்கலாம். யாரும் ஒதுங்கமாட்டாவ. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஆசை வரலைன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். மஞ்சக் கயிறு, மல்லியப்பூ, தங்கச்சி பிள்ளைக்குத் தொட்டில்ல நான் முதல் கை வைக்கிறது எல்லாம் ஒரு நிமிசம் கண்ணுல வந்துது. அப்புறம் யோசிச்சேன். ஒருத்தன் கட்டினா ஏறும், அவன் ஒரு பொய் சொன்னா இறங்கும். அப்படிப்பட்ட சாமானைத் திரும்ப வாங்கி எங்க வைக்க?

"எள்ளுந்தண்ணி விடுங்க, தம்பி. உச்சி சாயுது"ன்னேன். உசுரோட இருக்கவருக்கு எப்படி விடன்னு அவரு கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. பொம்பளை விடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். முட்டளவு தண்ணியில இறங்கி நானே விட்டேன். கறுப்பு எள்ளு களனித் தண்ணியில மிதந்து போச்சு. அதுக்கப்புறம் கதிர்காமம் போய் முருகனையும் கும்பிட்டுத்தான் திரும்பினேன். சொன்ன சொல்லு தப்பப்படாதுல்லா.

சந்தையில பாத்ததை நானும் கொழுந்தனாரும் வீட்டுல சொல்லல. ரெண்டு வருசம் கழிச்சு அந்த மனுசன் ஊருக்கு வந்து நின்னாரு. கொழும்புல என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. நாள் பாத்துத்தான் வந்திருந்தாரு, அதே ஆனிப் பௌர்ணமி. அன்னைக்குத்தான் எல்லாரும் வீட்டுல இருப்போம்னு அவருக்குத் தெரியும், நாந்தான சொன்னேன். மாமியா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதா. ஐயர் வந்து, பேரு விடுறது, தாலி கட்டுறது எல்லாம் ஒரே நாளுல முடிச்சிரலாம், நான் சரின்னு மணையில உக்காந்தாப் போதும்னாரு. தெருவே வாசல்ல நின்னுது. எல்லாரும் என் வாயைப் பாத்தாவ. அறுத்தவ வாயைத் தெருவே பாத்தது அன்னைக்குத்தான்.

"அவுகளுக்கு வருசா வருசம் திவசம் ஒழுங்கா நடக்கு. நடுவுல நிறுத்தினா குடும்பத்துக்கு ஆகாது"ன்னேன்.

அந்த மனுசன் பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "அப்ப நான் வாரேன்"னாரு.

"செத்தவுக வாரேன்னு சொல்லப்படாது"ன்னேன். காக்காவுக்குச் சோறு வைக்க நேரமாயிருந்துது, உள்ள போயிட்டேன்.