டாக்குத்தர் நஸீறாவுக்கு வந்த தந்தி

1

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக் கரையோரத்தில் ஒரு சின்னத் தபால் கந்தோரில் தந்தி வேலை எனக்கு. எங்களுக்குத் தந்தி டெலிபோனில்தான் வரும். பெரிய கந்தோரில் இருந்து எழுத்தெழுத்தாகக் கத்துவார்கள். நான் எழுதிக் கொடுக்க, சேவகர் மஜீது சைக்கிளில் கொண்டுபோவார்.

ஒரு திங்கட்கிழமை, லைனில் ஒரே இரைச்சல். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அனுப்பிய தந்தி. விலாசம் டொக்டர் நஸீறா, ஊர்ப்பேர், அவ்வளவுதான். ‘போஸ்ட் டொக்டரல் பெலோஷிப், ஸ்கல்ப்ச்சர், வழங்கப்பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் தந்தியில் சம்மதம் அறிவிக்கவும். தவறினால் அடுத்தவருக்கு.’

‘டொக்டரல்’ என்ற சொல்லின் வால் எனக்குக் கேட்கவில்லை. போஸ்ட் டொக்டர் என்று எழுதினேன். தபால் கந்தோர்க்காரனுக்கு போஸ்ட் என்றால் இரண்டே அர்த்தம். ஒன்று தபால், மற்றது உத்தியோகம். ஆரோ லேடி டாக்குத்தருக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். ஸ்கல்ப்ச்சர் எந்த வருத்தத்துக்கு மருந்து கொடுக்கிற பிரிவோ, எனக்கென்ன?

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க மஜீது. புதுசா வந்த டாக்குத்தரம்மாவா இரிக்கும்."

அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

2

அந்தக் கிழமை முழுக்கச் சித்திர டீச்சர் கவுண்டருக்கு வந்தா. எங்கட ஊர் ஸ்கூலில் சித்திரம் படிப்பிக்கிற பிள்ளை. சித்திர டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம், சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. லீவு நாளில் காட்டுக்குள் இடிந்து கிடக்கிற பழைய கற்சிலைகளை நூல் பிடித்து அளந்து வரைவா. ‘சிலையப் பார்த்து இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கப் போகுது’ என்று ஊர் கதைக்கும். நானும் கதைத்தவன்தான்.

"காக்கா, எனக்குத் தந்தி ஏதும்..." என்று அண்ணன் முறை வைத்து இழுப்பா.

"இல்ல டீச்சர்."

கேள்வி முடியுமுன்னமே பதில். செவ்வாயும் புதனும் இப்படியே. வியாழக்கிழமை எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. "வந்தா அனுப்ப மாட்டமா? சும்மா சும்மா வந்து கேட்டா தந்தி முளைக்குமா?" என்று ஏசிப்போட்டேன். டீச்சர் திரும்பிப் போனா. நினைத்தால் இப்பவும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

3

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கவுண்டரைத் திறக்கிறேன், மஜீது அந்தத் தந்தியோடு நிற்கிறார்.

"இப்படி ஒரு டாக்குத்தர் அங்க இல்லயாம் காக்கா. நாலு நாளா மேசையிலயே கிடந்திரிக்கி."

அவருக்குப் பின்னால் டீச்சர். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றா. நாள்தோறும் தந்தி கேட்டு வந்தவ இவ ஒருத்திதானே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"டீச்சர், ஒங்கட பேர் என்ன?"

"நஸீறா."

"யா அல்லாஹ்! நீங்க டாக்குத்தரா? போஸ்ட் டொக்டர் எண்டு வந்திரிக்கே, ஆஸ்பத்திரி உத்தியோகமா?"

"ஊசி போடுற டாக்குத்தர் இல்ல காக்கா. சிற்பத்துல கலாநிதிப் பட்டம், அதுக்கும் டொக்டர் எண்டுதான் பேர். அதுக்குப் பிறகு செய்ற ஆராய்ச்சிக்கு ரெண்டு வருசம் உதவிப்பணம் கேட்டிருந்தன். போஸ்ட் எண்டா ‘பிறகு’ எண்டு அர்த்தம்."

நான் நீட்டிய தந்தியை வாசித்தா. "இண்டைக்குத்தானே கடைசி நாள். எல்லாம் முடிஞ்சிது."

"முடியல்ல! இங்க ரெண்டரை மணி, அங்க இப்பதான் காலமை ஒம்பது. எழுதுங்க!"

டீச்சர் சம்மதம் எழுதி, கீழே வெறுமனே நஸீறா என்று போட்டா. "முன்னால டொக்டர் போடுங்க," என்றேன்.

"சொல்லுக்குச் சொல் காசு எடுப்பீங்களே காக்கா?"

"அந்த ஒரு சொல்லுக்கு என்ட காசு, எனக்குத் தண்டம். போடுங்க."

டெலிபோனைப் பிடித்து எழுத்தெழுத்தாகக் கத்தினேன். மற்றப் பக்கம் முழுவதையும் திருப்பிச் சொல்லும்வரை லைனை விடவில்லை.

4

அடுத்த கிழமை பதில் வந்தது. ‘சம்மதம் கிடைத்தது. வருக.’

"ஆஸ்பத்திரிக்கா காக்கா?" என்று மஜீது பகிடி பண்ணினார். கடதாசியைப் பறித்துக்கொண்டு நானே சைக்கிளில் போனேன். அன்றிலிருந்து பென்ஷன் எடுக்குமட்டும், பேரைக் கேட்காமல் ஒருத்தருக்கும் ‘இல்லை’ என்று நான் சொன்னதில்லை. கவுண்டரில் இருக்கிற இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அது ஒன்றுதான்.

கேற்றடியில் டீச்சரின் உம்மா நின்றா.

"ஆருக்கு மகன் தந்தி?"

"டாக்குத்தர் நஸீறாவுக்கு."

"வீடு மாறி வந்திட்டீங்க மகன். இங்க டாக்குத்தர் ஒருத்தரும் இல்ல, என்ட மகள் டீச்சரல்லவா?"

உள்ளே இருந்து குரல் வந்தது. "அது நான்தான் உம்மா."