பந்தியில் காத்திருந்த கைகள்

அயோத்தியாப்பட்டணத்தில் பேசி முடித்துத் தொண்டை வறண்டு மேடையிலிருந்து இறங்கினேன். பேராசிரியர் மெகருன்னிசா மறைந்த செய்தி கைப்பேசியில் காத்திருந்தது. ஒலிவாங்கிமுன் வாழ்நாளைக் கழித்த நான், மேடைப் படியில் அமர்ந்து அதை மீண்டும் படித்தேன். அயர்வு மட்டுமே இருந்தது.

அவரை அறிந்தோர் அவர் ஆய்வையும் அறிவர். தனித்திருக்கையில் ஒருவராகவும் கூட்டத்தில் வேறொருவராகவும் மாந்தர் மாறுவது ஏன்? இதற்கு விடைதேடி, திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழிலாளரோடு பழகினார். வெளிமாநிலங்களில் ஒரே சட்டியில் உண்டவர்கள், ஊர் திரும்பியதும் தத்தம் தெருவுக்குள் அடங்குவதைக் கண்டார். "வண்டியிலயும் நடிப்பு இல்லீங்க ஐயா, தெருவுலயும் நடிப்பு இல்லீங்க. ரெண்டும் நெசம். அதான் பயமா இருக்குது" என்பார்.

என் கூட்டங்களில் மேடைக்கு முதுகு காட்டி அமர்வார். "என் பேச்சு அவ்வளவு கசக்கிறதா அம்மா?" என்றேன் ஒருமுறை.

"உங்க மூஞ்சி எப்பவும் ஒண்ணுதானுங்களே. அவங்க மூஞ்சிதான் மாறுது."

திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கபடிப் போட்டியில் மூண்ட கைகலப்பு கல்வீச்சாக முற்றி, இரு தெருக்கள் பகைத்தன. இன்னொரு கல் விழுந்தால் உயிர் போகும் நிலை. அமைதி பேச என்னை அழைத்தனர், அவரும் உடன்வந்தார். கூடத்தில் இரு தெருவினரும் இரு பக்கம். மண்ணின் மறத்தை நான் முழங்க முழங்க, இரு பக்கமும் போட்டியிட்டுக் கைதட்டின. பின்வரிசைகள் எழுந்து நின்றன. பேராசிரியர் மேடையேறி என் காதருகே சொன்னார்: "போதுங்க ஐயா. அவங்கவங்க தெருவைத்தான் புகழுறீங்கன்னு நெனைக்கிறாங்க. சோறு போடச் சொல்லுங்க."

உச்சத்தில் நிறுத்தினேன். எரிச்சலோடுதான்.

பந்தியிலும் எதிரெதிரே அமர்ந்தனர். சோறு விழுந்தும் இரு வரிசையிலும் சிலர் கைவைக்கவில்லை.

"ஏனுங்க, வெசமா வெச்சிருக்குது?" என்றார் பரிமாறியவர்.

"ட்ரில்லர் அண்ணன் இன்னும் கை கழுவி வரலீங்க" என்றார் ஒருவர்.

துளையிடுபவர் வந்து அமருமுன் எவரும் உண்ணாதது வண்டி வழக்கம். காத்திருந்தோர் அனைவரும் அவர் வண்டியில் உழைத்தவர்கள், அவர்களில் பாதிப்பேருக்கு அவர் எதிர்த்தெருக்காரர். ஈரக்கையோடு வந்தவர் இரு வரிசையையும் பார்த்தார். "தின்னுங்கப்பா. கெணத்துல தண்ணி வந்தாத்தான் திம்பீங்களா?" என்றார். இரு பக்கமும் சிரிப்பு எழுந்தது. அன்று கல் விழவில்லை.

வென்றுவிட்டோம் என்றேன். "இன்னைக்கு மட்டுந்தானுங்க" என்றார் பேராசிரியர். அடுத்த ஆண்டே மீண்டும் பகை; மீண்டும் போனார். சலிப்பாக இல்லையா என்று கேட்டேன். "சலிப்பு வந்தா என்னங்க, பஸ்ஸு போகாதா?"

இப்போது எனக்குக் கைதட்டல் ஏறும்போதெல்லாம், அந்தப் பந்தியில் காத்திருந்த கைகளைப் போலத் தட்டாத கைகளைக் கண் தேடுகிறது. கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். கூட்டம் ஏமாந்து முணுமுணுக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியது இதுதான்.