கைப்பிடி இல்லாத கதவு

வேனிட்டி வேனுக்குள் இருக்கும் எதுவும் பார்வைக்குத் தெரிகிற பொருளால் செய்யப்பட்டதல்ல. சலவைக்கல் மேடையைத் தட்டினால் பலகைச் சத்தம் வரும். தேக்கு என்று நினைத்தது ஒட்டுத்தாள். பீங்கான் என்று நினைத்து உட்காரும் கக்கூஸ் வெறும் பிளாஸ்டிக். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு சினிமா யூனிட்டுகளோடு ஊர் ஊராகத் திரிந்ததில் இப்படிப்பட்ட வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் பார்த்தது மாமா ஓட்டிய வண்டி.

மாமா அம்மாவின் தம்பி. படப்பிடிப்புக்கு வரும் நடிகர்கள் வேஷம் போடவும் சாய்ந்து கிடக்கவும் அனுப்பும் வண்டி அது. செம்பூரில் ஒரு யார்டில் நிற்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் கூட்டிப்போய், கழுவிக்கொண்டே அதன் கள்ளத்தனங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார். இழுப்பறையை இழுத்தால் வராது. உள்ளே ஒரு தள்ளு தள்ளினால்தான் வரும். இல்லாவிட்டால் திருப்பத்தில் எல்லாம் வெளியே விழும். "ஓடுத வீட்டுக்கு கனமும் ஆவாது, தொங்கட்டானும் ஆவாதுட்டி" என்பார். குழாயைத் திறந்தால் தரைக்கடியில் பம்பு உறுமும். அதனால் உள்ளே இருப்பவர் தண்ணீர் புழங்குகிறாரா, சும்மா இருக்கிறாரா என்பது வெளியே நிற்பவருக்குத் தெரிந்துபோகும்.

எல்லாவற்றிலும் பெரிய கள்ளத்தனம் பாத்ரூம் கதவு. அதன் உட்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கைப்பிடியும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. இருந்தால் அந்தக் குறுகலில் நடிகைகளின் உடுப்பு மாட்டிக் கிழியுமாம். உள்ளே போய்ச் சாத்தினால் டக்கென்று தானாகப் பூட்டிக்கொள்ளும்; வெளியே கதவுக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். திறக்க வேண்டுமென்றால் கண்ணாடியின் கீழ்மூலையை அமுக்க வேண்டும். தெரியாதவர்கள் மாட்டிக்கொண்டு கத்துவார்கள். யார் எப்படிக் கத்தினார்கள் என்று மாமா நடித்துக் காட்டுவார்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அப்பா, அம்மா, அக்கா, நான், மாமா. ஒருவர் துணி மாற்றினால் மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொள்வோம். சந்துமுனையில் பொதுச் சண்டாஸ்; கக்கூஸை அங்கே அப்படித்தான் சொல்வோம். உள்ளே போய்க் கதவைச் சாத்தியவுடன் வெளியே வாளியால் தட்டு விழும். தட்டுகிறவளுக்கும் அவசரம், தப்பில்லை. இதிலெல்லாம் ஒரு குறை இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை, தாணேயிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த அம்மாள் "பாத்ரூம் எங்க?" என்று கேட்கும்வரை. அம்மா சந்துமுனையைக் காட்டினாள். அந்த அம்மாள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி போய்விட்டு வந்தார். முன்பே பொருந்தியிருந்த ஜாதகம் அதற்குப் பிறகு பொருந்தாமல் போனது.

அடுத்து சீத்தா கேம்பிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை ஏசி ரிப்பேர் செய்கிறவர். போட்டோவைப் பார்த்துவிட்டு அக்கா "பரவால்ல" என்றாள். அதற்குமுன் எந்தப் போட்டோவைப் பற்றியும் அவள் வாயைத் திறந்ததில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் அவளால் தாங்க முடியாது என்று அம்மா சொன்னாள். அன்றுதான் மாமாவுக்கு யோசனை வந்தது.

"ஞாயித்துக்கெழமை வண்டிக்கு சவாரி இல்லக்கா. நம்ம ரோட்டுல கொண்டாந்து நிறுத்துதேன். கழுவுறத இங்க வச்சுக் கழுவிக்கிடலாம்."

"பாத்தவிய சிரிப்பாவளே, தம்பி."

"சிரிக்கவிய முதல்ல வந்து வரிசையில நிக்காவளா இல்லையான்னு பாரு."

அவர் சொன்னது சரியாகப்போனது. வண்டி வந்து நின்றதுமே சந்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடியில் இருக்கும் கழிவுத் தொட்டி சின்னது, நிரம்பினால் வேறு கதையாகிவிடும் என்று மாமா கும்பிட்டு அனுப்பினார். ரோடு ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வண்டி சாய்ந்தால் பேசினில் தண்ணீர் இறங்காது. டயருக்கடியில் பலகை வைத்து, உள்ளே ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து மட்டம் பார்த்தார். என்னைக் காவலுக்கு நிறுத்தினார். விருந்தாளி வந்தால் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியதும் நான்தான்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் தரகரோடு வந்தார்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. அக்கா டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையால் தடுத்து, "வேண்டாம்மா" என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டார். பெண் பார்க்க வந்த வீட்டில் கை நனைக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். அக்கா தட்டோடு அடுப்புப் பக்கம் திரும்பிப் போனாள். அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

"மதினி, பாத்ரூம் போகணும்னா வெளிய வண்டி நிக்கி. உள்ளயே எல்லாம் இருக்கு."

அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார்.

வண்டிப் படியில் அவரைக் கைபிடித்து ஏற்றினேன். தண்ணீர் விடக் காலால் மிதிக்க வேண்டிய கட்டையைக் காட்டினேன். கண்ணாடி விஷயத்தைச் சொல்வதற்குள், "நான் பாத்துக்கிடுதேன், நீ எறங்கு" என்று கதவைச் சாத்திவிட்டார். டக். சிவப்புப் பொட்டு எரிந்தது.

பம்பு உறுமியது, நின்றது. அத்தோடு அவர் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. கீழே நின்று, ஏற வந்த பிள்ளைகளை விரட்டிக்கொண்டு காத்திருந்தேன். சத்தமே இல்லை. மாட்டிக்கொண்டார் என்று புரிந்துபோய் உள்ளே ஏறினேன்.

"அத்தை, கண்ணாடிய அமுக்குங்க! கீழ் மூலையில!"

பதில் இல்லை. நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்த, சந்தே கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமா ஓடிவந்தார்.

"பம்பு சத்தம் கேக்கா?"

"முதல்ல கேட்டுச்சு. இப்பம் இல்ல மாமா."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. சர்க்கரைக்காரர், மயங்கிக் கிடந்தால் என்ன செய்வது? மாப்பிள்ளை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். பெண் பார்க்க வந்த அன்று பெண் வாசலுக்கு வரக்கூடாது என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து கதவின் கீலில் வைத்தபோது, உள்ளிருந்து கதவு திறந்தது.

முகம் கழுவித் துடைத்து, தலையை வாரி, பொட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். கோபமாக இருந்தார்.

"எதுக்குட்டி இந்தக் கத்து கத்துத?"

"கதவு தொறக்கத் தெரியாம மாட்டிக்கிட்டீங்கன்னு..."

"அதெல்லாம் அப்பவே தொறந்துச்சு. நாந்தான் மறுபடி சாத்தினேன். தட்ட ஆளில்லாத கதவு என்னைக்கு கெடைக்கும்?"

மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரை மாமாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா, "இப்பம் டீ குடுங்க, சீனி இல்லாம" என்றார். குடித்தார். தண்ணீரும் வாங்கிக் குடித்தார். அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. அப்போது அவர் கேட்டார்: "வண்டி தெனமும் இங்கதான் நிக்குமோ?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "இல்ல அத்தை. நாளைக்கு ஷூட்டிங்குக்குப் போயிரும்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. மாமா கூரையை ஆராய்ந்தார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து டீ புரையேறியது.

"எங்க வீட்டுக்கும் ரோட்டுமுனை சண்டாஸ்தான் மதினி. தரகர் சொல்லலியா? ஒங்க மவ அங்க வந்தாலும் வாளியத் தூக்கிட்டு வரிசையிலதான் நிக்கணும். இப்பமே சொல்லிட்டேன்."

தரகரும் கூரையை ஆராயத் தொடங்கினார். அடுப்புப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது: "பழக்கந்தான் அத்தை."

அவர்கள் போகும்வரை அவள் பேசக்கூடாது என்பது ஏற்பாடு. மாப்பிள்ளை முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவள் இருந்த பக்கம் பார்த்தார். அந்த அம்மா தலையிலிருந்த பூவில் ஒரு துண்டைக் கிள்ளி அக்காவுக்கு வைத்தார். அவ்வளவில் சம்பந்தம் முடிவானது.

அவர்கள் போனபிறகு மாமா டயருக்கடியிலிருந்து பலகையை எடுக்கக் குனிந்தார். ஏதோ யோசித்து நிமிர்ந்து, "தொட்டியில இன்னும் எடம் கெடக்கு. போறவிய போயிட்டு வந்துருங்க" என்றார். அக்கா போனாள். பம்பு உறுமியது, அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், ஈர முகத்தோடு இறங்கினாள். அடுத்து அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஏறினாள்.

டக். சிவப்புப் பொட்டு எரிந்தது.

பம்பு உறுமவில்லை. காத்திருந்தேன். மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றார். வண்டிக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. பயந்துபோய் ஏறிக் கதவைத் தட்டினேன்.

"அம்மா, கண்ணாடிய அமுக்கு. கீழ் மூலையில."

"தெரியும்ட்டி" என்றாள் உள்ளிருந்து. அழுகிற குரலும் இல்லை, கோபக் குரலும் இல்லை. "நீ போ."

நான் போகவில்லை. தண்ணீரைத் திறக்காமல் ஒருவர் பாத்ரூமில் என்ன செய்யமுடியும்? காலையில் பொரித்த பஜ்ஜி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கூப்பிட்டால் ஓடிப்போய் ஓமத்தண்ணீர் வாங்கிவரத் தயாராகப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.