வெளுத்ததால் வந்த வினை

போன வாரம் எங்கள் பீங்கான் பட்டறையில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு காரியம் செய்தார். அதனால்தான் திட்டவும் முடியவில்லை!

என் அண்ணன் மகள் வினோதினி எம்.டெக். படிக்கிறாள். சின்ன டப்பியில் கறுப்புப் பொடியோடு வந்து இறங்கினாள். கார்பன் நானோ டியூபாம்.

"கரித்தூளா?" என்றார் என் வீட்டுக்காரர். சூளை வைத்திருப்பவர் வேறென்ன கேட்பார்?

"கரிதான் மாமா. ஆனா தலைமுடியை விட பல்லாயிரம் மடங்கு மெல்லிசான குழாய். ஸ்டீலை விட வலு. கரண்ட் ஓடும். பீங்கான்ல கலந்து பாலத்துல பதிச்சா, விரிசல் விழுறப்பவே கரண்ட் மாறி காட்டிக் குடுத்துடும்."

அவர் ஃப்யூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்கிறவர். கரண்ட் ஓடாத பீங்கானுக்குத்தான் ஆர்டரே வரும். ஓடுகிற பீங்கானா? சிரித்தார்... ஆனாலும் சூளையைக் கொடுத்தார். காலேஜ் ஃபர்னஸ் ரிப்பேர். திங்கட்கிழமை ரிவ்யூ. அன்றைக்கு அவள் செய்த பீங்கான் வில்லையில் கரண்ட் ஓடாவிட்டால் ஒரு வருட உழைப்பு அம்பேல்.

பொடி கலந்த வில்லைகளை மூடி போட்ட பெட்டியில், மரக்கரித் தூளுக்குள் புதைத்துச் சுட்டாள். சூட்டில் காற்றுப் பட்டால் கார்பன் எரிந்து போய்விடுமாம். "ஆறட்டும் அத்தை" என்று எங்கள் வீட்டுக்கு வந்து படுத்தவள், எழுந்திருக்கச் சனிக்கிழமை மதியமாகிவிட்டது.

அதற்குள் அஞ்சலை பெட்டியைத் திறந்துவிட்டார். சுட்ட சாமான்களைத் தரம் பிரிப்பவர் அவர். கறுப்பாக இருந்தால் வேகவில்லை – பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அத்தனை வில்லைகளையும் அள்ளி, திறந்தபடியே இன்னொரு தடவை சூளையில் ஏற்றிவிட்டார். மூடிய சூளையைப் பார்த்த வினோ, தன் பெட்டிதான் உள்ளே ஆறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை பால் வெள்ளையில் கொண்டுவந்து நீட்டினார். "பாப்பா, அரைவேக்காடா இருந்துச்சு. நல்லா வேக வச்சிட்டேன், பாருங்க."

வினோ மீட்டரை வைத்தாள். கரண்ட் ஓடினால் அது கத்த வேண்டும்; சத்தமே இல்லை. கார்பன் மொத்தமும் போயே போச்சு. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். விஷயம் புரிந்ததும் அஞ்சலையும் அழுதார். நான் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

நல்ல வேளை, சுடாத வில்லை இரண்டு மிச்சமிருந்தன. மறுபடியும் பெட்டி, மறுபடியும் கரித்தூள். தன் ஊருக்குப் போகும் கம்மாபுரம் பஸ்ஸை விட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார் அஞ்சலை. "யாரும் தொடாதீங்க. மொதலாளி, உங்களுக்கும் சேர்த்துத்தான்."

சாயங்காலம் திறந்தோம். கன்னங்கரேல்! வினோ மீட்டரை வைத்ததும்... பீப்!

அந்தச் சத்தம் வந்தால் சரக்கு போச்சு என்று தலையில் கை வைக்கிற மனிதர், என் வீட்டுக்காரர். அன்று மீட்டரை அவர் கையிலிருந்து பிடுங்க முடியவில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ரிவ்யூ பாஸ். ஒரு கறுப்பு வில்லையை வினோ பட்டறைக்கே கொடுத்துவிட்டாள். வெளுத்துப்போன ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. நேற்று சரக்கெடுக்க வந்த மங்கலம்பேட்டைக் கடைக்காரர் முகம் சுளித்தார். "இன்னாங்க இது, கருகிப் போயிருக்குது?"

அஞ்சலை நிமிர்ந்தார். "கருகலைங்க. அதுதான் வேலை செய்யுது. வெள்ளையா இருக்குது பாருங்க, அது சும்மா அழகுக்கு."

ஃபேர்னஸ் கிரீம் விற்பவர்கள் கொஞ்ச நாளைக்கு அஞ்சலை பக்கம் போகாமல் இருப்பது நல்லது!