குப்பை லாரியின் கழுத்துப் பின்

அந்தப் பொம்மைக் கம்பெனியில் அவரை எல்லாரும் 'அரம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நீதிநெறியோடு வரும் வல்லின அறம் அல்ல. பிளாஸ்டிக்கைத் தேய்க்கிற இடையின அரம். வல்லினம் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. இடையினம் பதினெட்டு வருடமாகச் சாம்பிள் அறையில் வேலை பார்த்தது.

டிசைனர் படம் வரைந்து அனுப்புவார். அக்கா அதைப் பார்த்து ஒரே ஒரு பொம்மையைக் கையால் செய்வார். பெரியவர்கள் மீட்டிங்கில் அதைத் திருகிப் பார்த்துத் தலையாட்டினால் அச்சு தயாராகும், லட்சம் பொம்மை வெளியே போகும். தலையாட்டாவிட்டால் சாம்பிள் அரவை மெஷினுக்குப் போகும். கம்பெனி ரகசியம் வெளியே போகக் கூடாது என்பது விதி. வெளியே போனால் அதை வாங்க யாரும் வரப்போவதில்லை என்று முடிவுசெய்துதான் நிறுத்துகிறார்கள். அதை எதற்கு ரகசியமாக வைக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கத்தி நழுவி விரலைத் தொடாமல் போனால் கத்திக்கு நன்றி சொல்வார். பசை நேரத்துக்கு இறுகினால் பசைக்கு நன்றி. மின்விசிறி சுற்றினால் அதற்கும் ஒன்று. "மனுஷங்களுக்கும் மிச்சம் வைங்கக்கா" என்பார்கள். "அவங்களுக்குத் தனியா வச்சிருக்கேன்" என்பார்.

அந்த வருடம் கம்பெனி 'சக்கரப்படை' என்று ஒரு ரோபோ வரிசையை விட்டிருந்தது. மடக்கினால் வண்டி, விரித்தால் வீரன். கிரேன், தீயணைப்பு வண்டி, சிமென்ட் கலக்கும் லாரி என்று மூன்று பேர் கடைக்குப் போய்விட்டார்கள். மூவருக்கும் விரிந்த மார்பு, நேர்கொண்ட பார்வை, இரண்டு நாளாகப் பல்வலியில் தவிப்பவரின் முகம். நான்காவதாக டிசைனர் ஒரு குப்பை லாரியை வரைந்து அனுப்பினார். அவருடைய தாடியும் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. படத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த குறிப்பு இது: 'தலை பின் திரும்ப வேண்டும்.'

கழுத்துக்குள் ஒரு பின் இருக்கும், அது இறுகாமல் திரும்ப வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. சாம்பிள் அறையில் இருந்த வேறு யார் படித்திருந்தாலும் அப்படித்தான் புரிந்திருக்கும். அக்காவுக்கு மட்டும் வேறு மாதிரி புரிந்தது. தலை பின்னால் திரும்ப வேண்டும்.

காரணம் அவர் வீட்டில் இருந்தது. அவர் கணவர் நகராட்சிக் குப்பை லாரியின் பின்பலகையில் நின்றுகொண்டு போகிறவர். ஆறு வருடம் முன்பு ஒரு மழைக்காலக் காலை. அவர் விசில் கொடுத்தார், லாரி ரிவர்ஸ் எடுத்தது, பலகையில் கால் வழுக்கி லாரிக்கு அடியிலேயே விழுந்தார். விசில் கொடுத்தாகிவிட்டது, கண்ணாடியிலும் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் அப்படியே வந்திருந்தால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அந்த டிரைவர் வலப்பக்க ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். பார்த்ததால் பிரேக் போட்டார். சக்கரம் ஷூவின் நுனியைத் தட்டையாக்கியது. உள்ளே இருந்த விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பளமான அந்த ஷூ இன்னும் வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. ஜோடியில்லாத ஒற்றை ஷூவுக்கு வாரம் ஒருமுறை தூசி தட்டுகிற வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆகவே குப்பை லாரி என்றால் தலை பின்னால் திரும்பத்தான் வேண்டும். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தாடி இவ்வளவு யோசித்து வரைந்திருக்கிறாரே என்று அவருக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். மூன்று வாரம் ஆனது. தலை வலப்பக்கமாக மட்டும் திரும்பும். நேர் பின்னால் போனதும் 'டக்' என்று நிற்கும். அந்த 'டக்' வருவதற்கே நான்கு நாள் பிடித்தது.

மீட்டிங்கில் விற்பனை அதிகாரி அதைக் கையில் எடுத்துத் தலையைத் திருப்பினார். டக்.

"என்னய்யா இது, போற பக்கம் பாக்காம வந்த பக்கம் பாக்குது? சண்டைக்குப் போறவன் வீட்டுல கேஸ் அணைச்சோமான்னு யோசிக்கிற மாதிரி இருக்கு."

அறை முழுவதும் சிரித்தது. "ஹீரோ பின்னாடி பாத்தா பயந்தாங்கொள்ளின்னு அர்த்தம்" என்று ஒருவர் இலக்கணம் சொன்னார். தாடி எழுந்து நின்று, "தப்பு என் கையெழுத்துதான், அக்கா மேல ஒண்ணும் இல்ல" என்றார். ஆனால் பொம்மை அத்தோடு நிறுத்தப்பட்டது. குப்பை லாரியை எந்தப் பிள்ளை அழுது வாங்கும் என்ற கேள்விக்கு முன்னால் கழுத்து ஒரு சாக்கு மட்டும்தான்.

அக்கா அதற்காக வருத்தப்படவில்லை. நின்றுபோன பொம்மைகள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இதை மட்டும் அரைக்கக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த டிரைவர் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறார். என்ன கொடுப்பது என்று இரண்டு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாட்ச் வாங்கிடலாம்" என்றார் கணவர்.

"என்னங்க நீங்க, காலை முழுசாத் திருப்பிக் கொடுத்தவருக்கு மணி பாக்கச் சொல்லிக் கொடுக்கறதா? ஒரு பொருள் கம்பெனியில இருக்கு. கிடைச்சா அதுதான்."

"கிடைக்கலன்னா?"

"கிடைக்கும். நீங்க வாட்ச் வாங்கிடாதீங்க."

புதன்கிழமை மேனேஜரிடம் போய்க் கேட்டார். சாம்பிள் அறை மேனேஜர் நல்லவர்தான். ஆனால் அது விதிப் புத்தகத்தில் இல்லாததால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

"சார், அந்தக் குப்பை லாரியை நானே எடுத்துக்கட்டுமா? யாருக்கும் வேண்டாம்னுதானே நிறுத்தினாங்க."

"வேண்டாம்னா அரைக்கணும்மா. வேணும்னா அச்சுக்குப் போகணும். நடுவுல ஒண்ணும் கிடையாது."

சொல்லிவிட்டு வழக்கமான சீட்டை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, நாளைக்குள் முடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் படித்தார். 'சாம்பிள்: குப்பை லாரி. அரைத்த பின் குப்பையில் போடவும்.'

இரண்டாவது தடவை படித்தார். பிறகு சீட்டுக்கு நன்றி சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் அவர் பொம்மையின் கழுத்தைக் கழற்றி, உள்ளிருந்த ஒன்றரை அங்குலப் பின்னை எடுத்து அரவை மெஷினில் போட்டார். மெஷின் ஒரு தும்மல் தும்மியது. விழுந்த தூளை ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு மேனேஜர் முன் போய் நின்றார்.

"சார், அரைத்த பின். குப்பையில போட்டுடட்டுமா?"

"எது?"

"பின் சார். நீங்க எழுதினது. மிச்சத்தைப் பத்திச் சீட்டுல ஒண்ணும் இல்லையே."

மேனேஜர் சீட்டை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். தன் எழுத்தையே பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் போலப் படித்தார். 'அரைத்த பின்.' ஒரே மாதத்தில் அதே 'பின்' கம்பெனியை இரண்டாம் முறை கவிழ்த்திருக்கிறது.

"போன தடவை தெரியாமப் பண்ணீங்க" என்றார்.

"ஆமா சார்."

"இந்தத் தடவை?"

அக்கா பொட்டலத்தைப் பார்த்தார். "ஆறு வருஷம் முன்னாடி ஒரு டிரைவர் திரும்பிப் பாத்தார் சார். விசில் கொடுத்தாச்சு, பாக்க வேண்டிய அவசியமே இல்ல. அதனாலதான் எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் படி ஏறி வர்றார். நாளைக்கு அந்த டிரைவருக்கு வேலையில கடைசி நாள்."

மேனேஜர் விதிப் புத்தகத்தைத் தொடவில்லை. 'உத்தரவுப்படி நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எழுத்து என்னோடது. மறுக்க முடியாது" என்றார். "கடையில விக்கக் கூடாது, போட்டோ எடுத்துப் போடக் கூடாது. தலை ஆடுதே, வேற பின் இருக்கா?"

அக்கா கொண்டையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவினார். குறட்டால் இரண்டு வளைவு, அரத்தால் நாலு தேய்ப்பு. தலை நின்றது. திருப்பினார். டக்.

"நன்றி சார்."

"எனக்கா, மின்விசிறிக்கா?"

"உங்களுக்குத்தான். தனியா வச்சிருந்தேன்."

வெள்ளிக்கிழமை லாரி ஷெட்டில் டிரைவருக்கு ஒரு மாலை, ஒரு சால்வை, மேடையேறியவர்களின் பேச்சு எல்லாம் நடந்தன. முப்பது வருடம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்ததில் அவருடைய கழுத்து வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நின்றுவிட்டது. போட்டோக்காரர் மூன்று தடவை நிமிரச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேமராவைச் சாய்த்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு அக்காவின் கணவர் பொம்மைப் பொட்டலத்தை நீட்டினார்.

"அண்ணே, இவ செஞ்சது. உலகத்திலேயே ஒண்ணுதான் இருக்கு."

டிரைவர் லாரியை விரித்து ரோபோவாக்கினார். தலையை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார், வரவில்லை. வலப்பக்கம் திருப்பினார். டக்.

"என்னை மாதிரியே கோணக் கழுத்து" என்றார். பிறகு, இதற்குள் தனக்குப் பின்னால் போய் நின்றிருந்த அக்காவின் கணவரைப் பார்க்கத் திரும்பினார். அவரும் வலப்பக்கமாகத்தான் திரும்பினார். நேரே கணவரின் கால்களைப் பார்த்தார், ஷூ இரண்டும் முழுசாக இருக்கிறதா என்று.

"இருக்குண்ணே" என்றார் கணவர்.

அக்கா பின் இல்லாமல் அவிழ்ந்துகொண்டிருந்த கொண்டையை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார்.