டேப் தீர்ந்த இடம்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ். பக்கத்து சீட் பெண்ணின் போனில் எங்கள் பாட்டு.

எண்பத்திரண்டில் நானும் நண்பன் செபாஸ்டினும் அதைப் பாடிய ராக் குழுவுக்குப் பைத்தியம். ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த கேசட்டில் இதுதான் கடைசிப் பாட்டு. சட்டென்று நிற்கும்.

"நிறுத்துறான் பாருடா! எவனுக்கு வரும் இந்தத் தைரியம்?" என்பான் செபாஸ்டின் ஒவ்வொரு முறையும்.

இன்று அந்த இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை.

"இன்னும் இருக்காம்மா?"

"பாதிதான் சார் ஆயிருக்கு."

அன்று கேசட்டில் டேப் தீர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

செபாஸ்டின் இருபத்து நாலு வயதில் போய்விட்டான். அவன் கேட்காத மீதியை நான் மட்டும் கேட்க மனசு வரவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு முன்னால் மாம்பழச்சாலையிலேயே இறங்கிவிட்டேன்.

உங்களுக்குப் பிடித்த பாட்டு எதுவென்று கமெண்டில் சொல்லுங்கள். இது எந்தப் பாட்டென்று கண்டுபிடித்தாலும் இதன் லிங்க்கை மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள்.