நார்மல்தான், டாக்டரிடம் காட்டுங்கள்

பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டால் கூலிங்கா நார்மலா என்கிறார்கள். டீக்கடையில் ஸ்ட்ராங்கா நார்மலா. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால், ஆணா பெண்ணா என்பதற்கு முன்னாலேயே நார்மலா ஆபரேசனா. பட்டன் வைத்த போன் நார்மல் போன். மருமகளோடு பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாமியார் இன்றைக்கு நார்மலாக இல்லை. இந்த ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பி ஒரு நாளை ஓட்டிவிடலாம். நான் பல வருடங்களாக அப்படித்தான் ஓட்டுகிறேன். அலுத்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுப்பேன். மத்தியானம் ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுப்பேன். வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். உள்ளே எல்லாம் ஆங்கிலம். அதற்குப் பதிலாக என் முகத்தைப் படித்துவிட்டு, நார்மல்தானே என்று கேட்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அவர் கவுன்டர் முன்னாலேயே மயங்கி விழுந்தார். முதலாளி அன்றே வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். நோயைச் சொல்வது டாக்டர் வேலை. நம் வேலை ஆளைத் தெம்பாக அனுப்பிவைப்பது. நல்ல ரிப்போர்ட் என்றால் "நார்மல்" என்று நிறுத்திக்கொள்ளலாம். மோசமான ரிப்போர்ட் என்றால் "நார்மல்தான், டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்று சொல்ல வேண்டும். அநேகம் பேர் காட்டிவிடுவார்கள். காட்டாதவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் யோசித்ததில்லை. அடுத்த ஆள் வந்து நின்றுவிடுவார்.

போன வருடம் மதினி வந்தார். என் அண்ணன் மனைவி, நான் அவருக்கு நாத்தனார். அண்ணன் தவறிய பிறகு செட்டியார்பட்டியில் நைட்டி தைத்து மகளைப் படிக்கவைத்தவர். அந்த மகள் இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறாள். மதினிக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாக அசதியாக இருக்கிறது என்று என்னிடம் ரத்தம் கொடுக்க வந்திருந்தார்.

சிறுநீரகத்துக்கான எண், அளவு மீறினால் வருகிற தடித்த எழுத்தில் வந்திருந்தது. கவுன்டரில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நான் உறையை நீட்டி, "நார்மல்தான் மதினி, டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்றேன். வேற்று ஆளுக்குச் சொல்கிற அதே குரல். மதினி சிரித்தார். நார்மல் என்றால் டாக்டர் எதற்கு, தைத்து முடித்த நைட்டியை இன்றைக்கே கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் படுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மதினியை எதிரில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார். சர்ச் வாசலில் வைத்துப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். பிறகு உண்மையாகவே மறந்துபோனேன்.

எட்டு மாதம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். முன்பே வந்திருந்தால் மருந்திலேயே சில வருடம் தள்ளியிருக்கலாம் என்றார் டாக்டர். பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். நான் அரை நாள் லீவு போட்டுக் கூட இருக்கிறேன். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் மதினி ஒரே கதையைச் சொல்வார். போன வருஷம்கூட நாத்தனார்தான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தாள், அப்போது எல்லாம் நார்மல், அதற்குள் இப்படி ஆகிவிட்டது என்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்.

போன வாரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். மதினி அவளிடம் கால் வீக்கம் என்று மட்டும்தான் சொல்லிவைத்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாளாம். அன்றைக்குக் காலையில்தான், முடிந்தால் மகளை வரவழைத்துவிடுங்கள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"எல்லாம் நார்மலாத்தான் இருக்கு பாப்பா. நம்பிக்கையில்லன்னா ஒங்க அத்தைகிட்டக் கேளு" என்று மதினி போனை என்னிடம் நீட்டினார்.

வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. பழகிய சொல். போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"நார்மலா இல்ல பாப்பா. போன வருஷம் நான் டெஸ்ட் எடுத்தப்பவும் நார்மலா இல்ல. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். கெளம்பி வா."

அவள் என்னென்னவோ கேட்டாள். ரயிலுக்குப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கேவா?" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி குத்தியிருந்த கையை மட்டும் அசைக்க முடியாததால், அது என் பக்கமே கிடந்தது.